வடக்கால யாரு?

மேலமருதங்குடி,
2.9.2024

அன்புத் தம்பி இளவழகனுக்கு அக்கா எழுதுவது.

அப்பா, அம்மா, நான், பசு, அது போன வாரம் போட்ட கிடாரிக் கன்று, எல்லோரும் நல்லபடி இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டிய பாவத்துக்கு அம்மா தினமும் என்னைப் பிடுங்குகிறாள். சுக்குப் பொடி இடித்து ராணுவத்துக்குப் பார்சல் அனுப்பலாமா என்று கேட்கிறாள். ஜெனரலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டவர் இல்லாத மலையில் உன்னைக் கொண்டுபோய் வைத்ததால் நானும் பேனா பிடிக்க வேண்டியதாகிவிட்டது. இ-சேவை மையத்தில் ஊர் சனத்துக்கெல்லாம் பட்டா, வருமானச் சான்று, முதியோர் பென்ஷன் என்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறேனே தவிர, கையால் எழுதி எத்தனை காலமாச்சு! என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. நம் கொல்லைப் படலைத் திறந்தால் கால் வைக்கிற அந்த இரண்டு மா வயலைப் பெரியவீட்டுப் பேரன் விற்கப் போகிறார். அவர் சென்னையோடு சென்னையாக இருப்பது உனக்குத் தெரியும். போனில் அப்பாவைக் கூப்பிட்டு, "நீங்கதானே அதுல பாடுபடுறீங்க, மொதல்ல உங்களத்தான் கேக்குறேன்" என்றார். "நீங்க" என்றார் தம்பி, கவனி. அவருடைய தாத்தா "டேய்" என்பார். அவருடைய அப்பா "ஏம்ப்பா" என்பார். மூன்று தலைமுறையில் மரியாதை இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

அந்த வயலில் அப்பா பண்ணையாளாக இருந்தார், பிறகு கூலிக்கு உழுதார், இப்போது குத்தகைக்குச் செய்கிறார். அவர் கால் படாத இடம் அதில் கிடையாது. உன் சேமிப்பும் என் வளையல்களும் சேர்ந்தால் முடித்துவிடலாம். நீ சம்மதம் எழுதினால் முன்பணம் கொடுத்துவிடுவோம். நம் வம்சத்தில் இதுவரை யாரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதில்லை, சாட்சியாகக்கூட. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே எழுது.

காதை மூடிக்கொண்டு தூங்கு என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா,
செம்மொழி


மே/பா 56 ஏ.பி.ஓ.
26.9.2024

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மூச்சு பழகிவிட்டது. சுக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். கேட்கமாட்டாள், அனுப்பட்டும்.

உன் கடிதத்தை நின்றுகொண்டேதான் படித்தேன். படித்து முடித்த பிறகு உட்கார்ந்தேன். வாங்கு அக்கா, ஒரு நாளும் தள்ளாதே. என் பேரில் வேண்டாம். அப்பா, அம்மா இரண்டு பேர் பேரிலும் எழுது. நட்டவள் அம்மாதானே.

இங்கே என்னோடு குர்மீத் என்று ஒரு பஞ்சாபி இருக்கிறான். விவசாயக் குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் "எத்தனை கில்லா?" என்று கேட்டான். ஏக்கரை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். இரண்டு மா என்றால் ஏக்கருக்கும் குறைச்சல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எங்கப்பா நிலம்" என்று மட்டும் சொன்னேன். அது போதும் என்று கட்டிப் பிடித்துக்கொண்டான். பிறகு பால்பவுடரைப் போட்டு ஒரு கேசரி கிண்டினோம். கேசரி என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் இன்னும் மேலே போகிறோம். அங்கே தபால் ஹெலிகாப்டரில்தான் வரும், அதுவும் வானம் திறந்தால். பதில் தாமதமானால் பயப்படாதீர்கள். அப்பாவைப் பத்திரம் பதிகிற அன்றைக்கு வெள்ளைச் சட்டை போடச் சொல்.

பாசத்துடன்,
இளவழகன்


மேலமருதங்குடி,
14.10.2024

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுது. அம்மாவுக்கு இடது கண் மங்கலாக இருக்கிறது, புரை என்றார்கள். கும்பகோணத்தில் காட்டப் போகிறோம். பயப்பட ஒன்றுமில்லை. சுக்குப் பார்சல் வந்ததா?

முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வில்லங்கச் சான்று நானே எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதிக்குப் பதிவு ஆபீசில் டோக்கன் போட்டிருக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் போனது, இன்று காலை பத்திர எழுத்தர் தமிழ்மாறன் கடையில் நகலைப் படிக்கிறவரைக்கும்.

உனக்குப் பத்திரம் படித்துப் பழக்கமில்லை, சொல்கிறேன். நிலம் எங்கே இருக்கிறது என்பதை நாலு பக்கத்து எல்லையையும் சொல்லி எழுதுவார்கள். செக்குபந்தி என்பார்கள். நம்முடையதில் இப்படி இருந்தது:

"மீரா சாகிப் நஞ்சைக்கும் மேற்கு, நடுப்பாடி வாய்க்காலுக்கும் வடக்கு, பிள்ளையார் கோவில் மானியத்துக்கும் கிழக்கு, சேரிக்கும் தெற்கு. இதற்குட்பட்ட நஞ்சை மா 2."

மீரா சாகிப் யார் தெரியுமா? கிழக்கு வயல் வைத்திருக்கும் நம் கமருன்னிஸா அத்தையின் மாமனாருக்கு அப்பா. நாம் பிறப்பதற்கு முன்னாலேயே மண்ணுக்குள் போனவர். அவருக்குப் பெயர் இருக்கிறது. வாய்க்காலுக்குப் பெயர் இருக்கிறது. பிள்ளையாருக்கும் இருக்கிறது. வடக்கே நம் வீடும் வீரையன் சித்தப்பா வீடும், அதற்குப் பின்னால் உயிரோடு ஒரு தெருவும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டா இருக்கிறது, நானே அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல், சேரி.

தமிழ்மாறனைக் கேட்டேன். "நான் என்னம்மா பண்றது, மூலப் பத்திரத்துல உள்ளபடிதான் எழுதியிருக்கேன். அதுக்கு முந்துன பத்திரத்துலயும் அப்படித்தான் இருக்கு" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. பழசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதுகிற கை. மாற்றுங்கள் என்றேன். மாற்றினால் ஆபீசில் கேள்வி வரும் என்றார், பிறகு பார்க்கலாம் என்று இழுத்தார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அப்பாவிடம் வந்து கொட்டினேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நீ என்ன நினைக்கிறாய்? அதற்குள் உன் பதில் வராது என்று தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

குளிரில் வெளியே நிற்காதே. அதுதான் உன் வேலை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

செம்மொழி


மே/பா 56 ஏ.பி.ஓ.
2.11.2024

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்துவிடுங்கள், தள்ளிப் போடவேண்டாம். சுக்கு வந்தது. யூனிட்டில் பாதிப் பேருக்கு இருமல் நின்றுவிட்டது. அம்மாவுக்கு ஒரு மெடல் வாங்கித் தரலாம் என்று குர்மீத் சொல்கிறான்.

உன் கடிதம் தீபாவளி அன்றைக்கு வந்தது. இந்நேரம் பதிவு முடிந்திருக்கும். அக்கா, நீ கோபப்படாதே. ஒரு வார்த்தைதானே, அப்படியே போட்டிருந்தால் என்ன? நிலம் நம் கைக்கு வருவதுதான் முக்கியம். வந்த பிறகு யார் என்ன பெயர் எழுதி வைத்தால் நமக்கென்ன? நீ எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்பாய், அப்பாவுக்குப் பேசத் தெரியாது. அதுதான் என் பயம்.

எங்கள் காவல் போஸ்டில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டேன். "நம்ம இளவழகன் இனி ஜமீந்தார்" என்று கேலி செய்கிறார்கள். பத்திரத்தின் ஜெராக்ஸ் ஒன்று அனுப்பு. சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டாரா?

தம்பி,
இளவழகன்


மேலமருதங்குடி,
27.11.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை. சம்பா பயிர் தண்ணீருக்குள் நின்றது, இப்போது தலை தெரிகிறது. அப்பா இரண்டு நாள் நடுப்பாடி வாய்க்காலிலேயே கிடந்து அடைப்பு எடுத்தார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் அவள் நடக்கிற நடையை நீ பார்க்க வேண்டும். கன்றுக்குக் கழிச்சல் வந்து சரியாகிவிட்டது.

பத்திரம் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கை வலிக்கிறது.

செம்மொழி


மே/பா 56 ஏ.பி.ஓ.
22.12.2024

அக்காவுக்கு,

அம்மா கண் திறந்து பார்க்கிறாள் என்பதில் ரொம்ப சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன், விரல் நுனி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

கை வலிக்கிறதா? ஐந்தாம் வகுப்பில் என் வீட்டுப்பாடத்தையும் சேர்த்து எழுதின ஆள் நீ. கன்றின் வயிற்றுப்போக்கு வரைக்கும் எழுதத் தெரிந்தவளுக்குப் பத்திரத்தைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை. ஜெராக்ஸும் வரவில்லை. இங்கே இரவும் பகலும் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. கெட்டதாகவே யோசிக்கிறேன்.

மறைக்காதே. நிலம் நம்முடையதா இல்லையா? அதை மட்டும் முதல் வரியில் எழுது.

இளவழகன்


மேலமருதங்குடி,
13.1.2025, போகி

தம்பிக்கு,

நிலம் இன்னும் நம்முடையது இல்லை. நீ கேட்டபடி முதல் வரியில் எழுதிவிட்டேன். நாளை பொங்கல், வாழ்த்துச் சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன். எல்லோரும் நலமாக இருக்கிறோம், அதில் பொய் இல்லை.

அந்த இருபத்தெட்டாம் தேதி நாங்கள் போனோம். அப்பா வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். பெரியவீட்டுப் பேரன் வந்திருந்தார். தமிழ்மாறன் பத்திரத்தை முத்திரைத் தாளில் அடித்தே வைத்திருந்தார். புரட்டினேன். "சேரிக்கும் தெற்கு" நகர்ந்து கொடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கேட்கலாமா, கேட்டால் நிலம் கை நழுவிவிடுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சண்டைக்காரி என்று நீ பெயர் வைத்திருக்கும் நான்தான்.

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். பிறகு மூடி வைத்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்று தமிழ்மாறனைக் கேட்டார்.

"மொதப் பக்கத்துலயே இருக்கீங்களே. வாங்குறவங்க ஐயாவு, ராசம்மாள்னு."

"மேல ஐயாவுன்னு எழுதியிருக்கீங்க. கீழ என் வீட்டச் சேரின்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே ஆளுதான். இதுல எந்த ஆளு கையெழுத்துப் போடணும்?"

தம்பி, அப்பாவுக்குப் பேசத் தெரியாது என்று எழுதினாயே. நீ அங்கே இருந்திருக்க வேண்டும். அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

பேரன் வாட்சைப் பார்த்தார். "பெரியவரே, எனக்கு மூணு மணிக்கு திருச்சியில ஃபிளைட்டு. இது எங்க தாத்தா காலத்து வார்த்தை. யாரு படிக்கப் போறா?" என்றார்.

"நான் படிச்சேனே" என்றார் அப்பா.

திருத்தி மறுபடி அடிப்பதற்குள் டோக்கன் நேரம் போய்விடும் என்று தமிழ்மாறன் கையைப் பிசைந்தார். பேரன் காரில் ஏறிவிட்டார். "வேற ஆளு இருக்கு, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். முன்பணத்தை மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார், அந்த மட்டில் நாணயமான மனுஷன். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. சார்பதிவாளரம்மாவை நேரில் போய்ப் பார்த்தேன். சர்வே எண்ணும் பரப்பளவும் மூலப் பத்திரத்தோடு ஒத்துப் போகவேண்டும், எல்லையில் இன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயரைத் தாராளமாக எழுதலாம் என்றார். இத்தனை வருஷத்தில் இதை யாரும் வந்து கேட்டதில்லையாம். ஆனால் விற்கிறவர் வரவேண்டுமே.

அவர் சொன்ன வேறு ஆள் யார் என்பதும் தெரிந்துவிட்டது. கமருன்னிஸா அத்தையின் மகன் நௌஷாத். ஷார்ஜாவில் இருக்கிறவனுக்குப் போன் போட்டிருக்கிறார். கிழக்கு வயல் அவர்களுடையதுதானே, சேர்த்துக்கொண்டால் ஒரே தாக்கு வயலாகிவிடும். நௌஷாத் என்ன சொல்லப் போகிறான் என்று தெரியவில்லை. அத்தை கொல்லைப் பக்கம் வந்து அம்மாவிடம் இரண்டு தடவை பேசிவிட்டுப் போனார். "எங்க மீரா சாகிப் பாட்டனாரு பத்திரத்துல இன்னும் இருக்காராமே. செத்தும் எடம் விடல பாரு" என்று சிரிக்கிறார். நிலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உன் "அப்படியே போடு" கடிதம் கார்த்திகையில் கைக்கு வந்தது. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நீ நலமாக இருப்பதாக மட்டும் சொன்னேன். அதனால்தான் உனக்கும் எழுத வரவில்லை. நீ இனிப்பெல்லாம் கொடுத்துவிட்டாய், நான் என்னவென்று எழுதுவது?

அறுவடை நெருங்கிவிட்டது. இந்தத் தடவையும் குத்தகை அளந்துவிட்டுத்தான் மிச்சம் வீட்டுக்கு. அப்பா ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. எனக்குத்தான் அடிக்கடி அழுகை வருகிறது, அப்புறம் அவரை நினைத்தால் தலை தானாக நிமிர்கிறது. இரண்டும் மாறி மாறி வருகிறது தம்பி.

திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.

செம்மொழி


மே/பா 56 ஏ.பி.ஓ.
5.2.2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். விரலும் தேறிவிட்டது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். சும்மா வாயால் சொல்லாதே, என் சார்பில் எழுந்து நின்று ஒரு சல்யூட் அடி.

உன் கடிதத்தைப் படித்த அன்று முழுக்க எனக்குக் கோபம்தான். கைக்கு எட்டினதை விட்டுவிட்டார்களே என்று குர்மீத்திடம் புலம்பினேன். அவன் என்ன விஷயம் என்று கேட்டான். செக்குபந்தியை இந்தியில் விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கேட்டுவிட்டு, "நாம நிக்கிற எடத்துக்குப் பேரு என்ன?" என்றான்.

இங்கே ஒவ்வொரு போஸ்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்த இடத்தில் நின்று அதைக் காப்பாற்றின சிப்பாயின் பெயர். எங்கள் போஸ்டுக்கும் அப்படித்தான், சாதாரண சிப்பாய் ஒருவருடையது. புல் முளைக்காத பனிக்கட்டி இது. இதில் நின்றவனுக்கே பெயர் கொடுக்கிறார்கள். நம் அப்பா அந்தச் சேற்றில் எத்தனை வருஷம் நின்றிருக்கிறார். அவருக்கு இல்லாத பெயரா?

நான் எழுதின அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. நிலம் வராவிட்டால் போகிறது. என் அப்பா பேனாவை மூடி வைத்தார் என்று போஸ்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நிலம் வாங்கியதாகச் சொன்னபோது கேலிதான் செய்தார்கள். இதைச் சொன்னபோது ஒருவனும் சிரிக்கவில்லை.

இளவழகன்


மேலமருதங்குடி,
12.3.2025

என் ராசா இளவழகனுக்கு,

எல்லோரும் நலம், நலத்துக்கு மேலே நலம். இதோடு ஜெராக்ஸ் இருக்கிறது. முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு இதைப் படி.

பார்த்தாயா? திங்கட்கிழமை பதிவாகிவிட்டது!

நௌஷாத் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தை மாசமே சொல்லிவிட்டானாம், அத்தை நம்மிடம் மூச்சு விடவில்லை. பிறகு அம்மா கேட்டதற்கு, "அத வாங்கிட்டு ஐயாவு அண்ணன் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றார். வேறு யார் வாங்குவார்கள்? அந்த வயலுக்கு வண்டி போகவேண்டுமென்றால் நம் தெரு வழியாகத்தான் போகவேண்டும். வந்து பார்த்த இரண்டு பேரும் தெருவைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். அது அவர்கள் புத்தி. நமக்கு அதுவே வழி விட்டது.

மாசி நடுவில் பேரனே கூப்பிட்டார். "உங்க அப்பா சொன்னபடியே எழுதச் சொல்லுங்க. நான் வர்றேன்" என்றார். வந்தார். தமிழ்மாறன் கடையில் பழைய பத்திரத்தை வாங்கி முதல் தடவையாக முழுதும் படித்தார். "வாய்க்காலுக்குக்கூட பேரு இருக்கு" என்றார், அப்பாவைப் பார்க்காமல்.

தமிழ்மாறன் இந்தத் தடவை பழைய பத்திரத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டார். வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"வடக்கால யாரு?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, "நாந்தான். ராசம்மாள். பக்கத்துல வீரையன்" என்றாள். வீட்டு மனைப் பட்டா அவள் பேரில்தானே. அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. கறுப்புக் கண்ணாடி வேறு. போலீஸ் அதிகாரி மாதிரி இருந்தது.

இப்போது உன் கையில் இருக்கிறதே, அந்த வரி: "ராசம்மாள், வீரையன் ஆகியோர் வீட்டு மனைகளுக்கும் தெற்கு." அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

ஆபீசில் போட்டோ எடுக்கிற பையன் அப்பாவின் தோள் துண்டை எடுக்கச் சொன்னான். "அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி" என்றார். துண்டோடுதான் படத்தில் இருக்கிறார். சார்பதிவாளரம்மா சொத்து விவரத்தைப் படித்து, "சரியா இருக்காய்யா?" என்று கேட்டார். "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார் அப்பா. கையெழுத்தை அவ்வளவு நிதானமாகப் போட்டார், ஐயன்னாவுக்குச் சுழி முதல் வுனாவுக்கு வால் வரைக்கும்.

சாயங்காலம் வீரையன் சித்தப்பா ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போய்த் தெரு முழுக்கக் காட்டினார். அவர் நிலம் வாங்கவில்லை, ஆனால் அவர் பெயர் பத்திரத்தில் இருக்கிறதே. கமருன்னிஸா அத்தை தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டார். அதைக் குடித்துவிட்டு அப்பா படலைத் திறந்துகொண்டு வயலுக்குப் போனார். அறுத்த தாள் மட்டும் நிற்கிற வயலில் என்ன வேலை என்று அம்மா கேட்டாள். "சும்மா" என்றார்.

உன் சேமிப்பு எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள லீவு போட்டு வா.

உன் அக்கா,
செம்மொழி


மே/பா 56 ஏ.பி.ஓ.
4.4.2025

அக்கா, அம்மா, அப்பா மூவருக்கும்,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் குறைத்துச் சொன்ன மாதிரி. ஜெராக்ஸை நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். மடிப்புக் கிழிந்துவிடும் என்று குர்மீத் டேப் ஒட்டிக் கொடுத்தான். அவனுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. அப்பா கையெழுத்து எது என்று கேட்டு அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மாசக் கடைசியில் கீழே இறங்குகிறோம். ஜூனில் லீவு கிடைக்கும், குறுவை நடவுக்கு இருப்பேன்.

கவரின் மேல் முகவரியைப் பார்த்தாயா? தெருப் பெயரை எழுதாமல் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். தபால்காரர் கொண்டு வந்து கொடுக்கிறாரா, திருப்பி அனுப்புகிறாரா பார்ப்போம். இந்தக் கடிதம் உன் கையில் இருந்தால் நான் ஜெயித்துவிட்டேன்.

இளவழகன்


மேலமருதங்குடி,
2.5.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். பசு மறுபடி சினையாக இருக்கிறது. நீ மலையிலிருந்து இறங்கிவிட்டாய் என்றதும் அம்மா சுக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு மாவடு போட ஆரம்பித்திருக்கிறாள்.

ஜெயித்துவிட்டாய். "ஐயாவு வயலுக்கு வடக்கு, மேலமருதங்குடி." தபால்காரர் யாரிடமும் ஒன்றும் விசாரிக்கவில்லை. சைக்கிளில் நேரே வந்து, மணியடித்து, கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொரு சேதி. கமருன்னிஸா அத்தை மகள் ஷமீராவுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது. கிழக்கு வயலை அவள் பேருக்கு எழுதி வைக்கலாம் என்று அத்தை தமிழ்மாறன் கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அத்தையின் பழைய பத்திரத்தில் மேற்கெல்லை "பெரியவீட்டு நஞ்சைக்கும் கிழக்கு" என்றுதான் இருந்தது. தமிழ்மாறன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பத்திரத்தை மூடினார்.

"மேற்கால யாரும்மா?" என்று அத்தையைக் கேட்டார்.

"இது என்னங்க கேள்வி? எங்க ஐயாவு அண்ணனும் ராசம்மாவும்" என்றார் அத்தை.

அப்படியே எழுதினார். "ஐயாவு, ராசம்மாள் நஞ்சைக்கும் கிழக்கு." நேற்று முன்தினம் பதிவாகிவிட்டது. நாம் காசு கொடுக்காத, நாம் கையெழுத்துப் போடாத, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பத்திரத்தில் அப்பா, அம்மா பெயர் இருக்கிறது தம்பி. எனக்குக் கடையிலேயே கண் கலங்கிவிட்டது. தமிழ்மாறன் அதைக் கவனிக்காத மாதிரி தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "இனிமே இந்த நெலம் எத்தன கை மாறுனாலும் இதப் பாத்துத்தாம்மா எழுதுவாங்க. நான் இல்லாட்டியும் எழுதுவாங்க. மூலப் பத்திரத்துல உள்ளபடி."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"அப்ப மீரா சாகிப் மாதிரி நானும் செத்தும் எடம் விடமாட்டேன்னு சொல்லு."

அம்மா படலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிப் பேசுகிறார் என்று திட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

நடவுக்கு வந்துவிடு.

உன் அக்கா,
செம்மொழி
ஐயாவு வயலுக்கு வடக்கு